பொது நினைவகமும் கூட்டுழைப்பும்: பொதி கையாளும் மென்பொருளில் பல செயன்முறைகளின் இயக்கம் பற்றிய ஒரு விளக்கம்

ஒரே இடத்திலே பலர் வேலை செய்வதனால் மட்டும் அவ்வேலை கூட்டுழைப்பாகிவிடுவதில்லை. ஒருவர் செய்ததை மற்றொருவர் ஏற்று மேலே கொண்டுசெல்வதற்கு இருவருக்கும் பொதுவான ஏதோவொன்று இருத்தல் வேண்டும். அது நிலமாகலாம், கருவியாகலாம், கணக்கேடாகலாம். அப்பொதுமையை முதலில் அமைத்தவர் யார், அமைத்தவர் இல்லாதொழிந்தால் எஞ்சுவது யாது என்னும் வினாக்கள் அரசியற் பொருளாதாரத்துக்கே உரியவை என்று நாம் எண்ணிப் பழகியுள்ளோம். அதே வினாக்கள் இன்று கணனி மென்பொருளின் உள்ளமைப்பிலும் எழுகின்றன. அங்கு அவற்றுக்குக் கிடைத்துள்ள விடைகளை ஓர் உதாரணத்தின் வழியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் கற்றவர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியிலே கூட்டுழைப்புக்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். அதனையடுத்து உழைப்புப் பிரிவினையை ஆராயுமிடத்து அவர் எடுத்தாண்ட நூல்களுள் ஒன்று, இயந்திரங்களின் பொருளாதாரம் பற்றிச் சாள்ஸ் பாபேஜ் 1832இல் வெளியிட்டதாகும். கணிக்கும் பொறியை வடிவமைக்க முயன்றவரும் அதே பாபேஜ்தான். ஆகவே கணனியின் வரலாறும் உழைப்பு எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்னும் ஆய்வின் வரலாறும் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ‘மூலதனம்’ வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக நட்டார் என்பது தற்செயலே. ஆயினும் மலையகத்தைப் பற்றி எழுதும் எவரும் அதனை மறப்பதில்லை.

இப்பொருளை எழுதத் தூண்டியது டயகமவில் நிகழ்ந்த ஒரு சிறு உரையாடலாகும். நுவரெலியா மாவட்டத்தில், ஹோட்டன் சமவெளியின் எல்லையை அண்டிக் கிடக்கும் அத்தோட்டப் பகுதியிலே நாம் சில நாட்கள் தங்கியிருந்தோம். கொழும்பில் மென்பொருட்டுறையில் தொழில்புரியும் இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். அவருடைய தாயார் கொழுந்து பறித்தே அவரைப் படிப்பித்தவர். தம் மகன் செய்யும் வேலை யாதென அவ்வம்மையார் பலமுறை கேட்டும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. மகனுக்குச் சொல்லவும் தெரியவில்லை. “இங்கிலிஷில சொல்லிடுவேன் சேர், தமிழில வாய் வருதில்ல” என்றார் அவர். அந்நாட்களில் அவரை வருத்திக்கொண்டிருந்த சிக்கல் இது: அவர் எழுதிய இரு செய்நிரல்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து இயங்கவேண்டியவை. முதலாவது எப்போதும் ஒழுங்காகத் தொடங்கும். இரண்டாவது ஒருநாள் தொடங்கும். மறுநாள், ஓர் எழுத்தும் மாற்றப்படாத நிலையிலேயே, தொடங்க மறுத்துவிடும். இதன் காரணத்தை விளக்கப் புகுமுன் பின்னணியைச் சிறிது நோக்குதல் அவசியமாகின்றது.

வலையமைப்பின் வழியே செல்லும் தரவு யாவும் சிறு சிறு பொதிகளாகத் துண்டிக்கப்பட்டே செல்கின்றது. வழமையான கணனியில் ஒரு பொதி வந்ததும் வலையமைப்பு அட்டை பணிசெயல் முறைமைக்குக் குறுக்கீடு ஒன்றின் மூலம் அறிவிக்கும். முறைமை செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் பொதியைத் தன்னிடத்தில் ஏற்று, ஆராய்ந்து, பின் அதனை வேண்டிய செய்நிரலின் நினைவகத்துக்குப் படியெடுத்துக் கொடுக்கும். வீட்டுக் கணனிக்கு இது போதுமானது. ஆனால் செக்கனுக்கு 10 கிகாபிட் கொள்ளும் இணைப்பொன்றிலே 64 பைட் அளவான மிகச் சிறிய பொதிகள் மட்டும் வருமாயின், ஒரு செக்கனில் 148 லட்சத்துக்கு மேற்பட்ட பொதிகள் வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 67 நனோ செக்கன். 3 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் செயலிக்கு அது ஏறக்குறைய 200 துடிப்புகள் மாத்திரமே. குறுக்கீட்டுக்கும் படியெடுப்புக்கும் அது போதாது.

இதற்கு மாற்றாக எழுந்ததே டேட்டா பிளேன் டெவலப்மென்ட் கிட், சுருக்கமாக டீ.பீ.டீ.கே. என்னும் மென்பொருட் சட்டகம். இன்டெல் நிறுவனத்தில் 2010ஆம் ஆண்டளவில் இது உருவாயிற்று. அதன் தந்தை என அத்துறையினர் போற்றும் வெங்கி வெங்கடேசன் 2018இல் மறைந்தார். 2013இல் சிக்ஸ்விண்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் முயற்சியால் அது திறந்த மூலச் செயற்றிட்டமாகி, 2017இல் லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் வந்தது. இச்சட்டகம் பணிசெயல் முறைமையை விலக்கிவிட்டு, செய்நிரலே அட்டையை நேரடியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வழியைக் கைக்கொள்கின்றது. பொதி வந்தாலும் வராவிட்டாலும் செயலியின் ஒரு கோர் ஓயாது வினவிக்கொண்டேயிருக்கும். கொழுந்து வரும் நேரம், வராத நேரம் என்று பாராமல் மடுவத்துத் தராசடியிலேயே ஓராள் நிற்பதைப் போன்றது இது. ஆள் வீண் என்று தோன்றலாம். கொழுந்து காத்துக் கிடப்பதில்லை.

நினைவகமும் இங்கு வேறுவிதமாகக் கையாளப்படுகின்றது. சாதாரணமாக 4 கிலோபைட் பக்கங்களாக வகுக்கப்படும் நினைவகம், இங்கு 2 மெகாபைட் அல்லது 1 கிகாபைட் கொண்ட பெரும் பக்கங்களாக முற்கூட்டியே ஒதுக்கி வைக்கப்படுகின்றது. பக்கங்கள் குறைந்தால் முகவரி பெயர்க்கும் அட்டவணையும் சுருங்கும். தேடும் நேரம் மிஞ்சும்.

இனிச் செயன்முறைக்கு வருவோம். ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலே செயன்முறை எனப்படும். ஒவ்வொரு செயன்முறையும் தனக்கெனத் தனி முகவரி வெளியைக் கொண்டது. ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று காணாதவாறு பணிசெயல் முறைமை இடையே சுவரெழுப்பி வைத்துள்ளது. ஒரே செயன்முறைக்குள் பல இழைகளை ஓடவிட்டால் இச்சுவரின் தொல்லை இல்லை. அவ்வாறிருக்க, தனித்தனிச் செயன்முறைகளாகப் பிரித்து, பின் சுவரில் வாயில் வெட்டுவது எதற்காக? முக்கியமான காரணம் நடைமுறை சார்ந்தது. பொதியை வகைப்படுத்துவோர், அதன் உள்ளடக்கத்தைச் சோதிப்போர், கணக்கெடுப்போர் என வெவ்வேறு குழுவினர் வெவ்வேறு காலத்தில் எழுதும் செய்நிரல்களை ஒன்றாகக் கட்டி ஒரே நிரலாக்குவது எப்போதும் இயல்வதன்று. ஓடிக்கொண்டிருக்கும் பிரதான வேலையை நிறுத்தாமலே இடையில் ஒரு சோதனைச் செய்நிரலை இணைத்துப் பார்த்துவிட்டு விலக்க வேண்டியும் வரும். இச்சட்டகத்தோடு வரும் புரொக்-இன்ஃபோ, பீ-டம்ப் ஆகிய கருவிகள் அவ்வாறே இணைந்து, புள்ளிவிபரங்களையும் பொதிகளின் படியையும் எடுத்துத் தருகின்றன.

இவ்விணைப்பில் இருவகைச் செயன்முறைகள் உள்ளன. முதலில் தொடங்குவது முதன்மைச் செயன்முறை. பெரும் பக்கங்களைக் கைப்பற்றுவதும், அட்டைகளைத் தொடக்கி வைப்பதும், எப்பகுதி எம்முகவரியில் உள்ளது என்ற வரைபடத்தை ஒரு கோப்பில் பதிந்து வைப்பதும் அதன் பொறுப்பு. பின்வருவன துணைச் செயன்முறைகள். அவை அந்த வரைபடத்தைப் படித்து, அதே பக்கங்களைத் தம் முகவரி வெளியிலும் அவ்வவ்விடத்திலேயே பொருத்திக்கொள்கின்றன. பொதிகளை வைக்கும் பொதுத் திரளையோ கைமாற்றும் வளையத்தையோ ஒரு துணைச் செயன்முறை தேடுமிடத்து, அதன் பெயரைச் சொல்லிக் கேட்கும். முதன்மை அதே பெயரில் அதனைப் பதிந்திருந்தால் கிடைக்கும். யார் முதன்மை, யார் துணை என்பது தொடக்கும்போது கொடுக்கும் தெரிவினால் தீர்மானமாகும். ‘ஓட்டோ’ என்று விட்டால், ஏற்கெனவே முதன்மை ஒன்று உண்டா என்று பார்த்துச் செயன்முறையே தன் நிலையை ஏற்றுக்கொள்ளும். ஒரே கணனியில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு கூட்டங்களை ஓட்டவேண்டுமாயின் ஒவ்வொன்றுக்கும் தனி முன்னொட்டுப் பெயர் இடல் வேண்டும். இல்லையேல் பின்வந்த கூட்டம் முன்னதன் நினைவகத்தில் மோதும். எல்லாச் செயன்முறைகளும் சட்டகத்தின் ஒரே பதிப்பைக் கொண்டு கட்டப்பட்டிருத்தலும் இன்றியமையாதது.

இங்கே மேலே சொன்ன ‘அவ்வவ்விடத்திலேயே’ என்ற சொல்லை மீண்டும் எடுத்துக்கொள்வோம். இவ்வமைப்பின் உயிர் அச்சொல்லிலேதான் இருக்கின்றது. நினைவகப் பக்கம் பொதுவானதாக இருப்பது மட்டும் போதாது. அது எல்லாருக்கும் ஒரே முகவரியிலும் இருத்தல் வேண்டும். ஏனெனில் செயன்முறைகள் ஒன்றுக்கொன்று பொதியைக் கொடுப்பதில்லை, பொதி இருக்கும் இடத்தின் இலக்கத்தையே கொடுக்கின்றன. நாம் அவ்வம்மையாருக்கு இதனை விளக்க முற்பட்டபோது மலை இலக்கம் கைகொடுத்தது. தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு. பெரட்டில் நின்று “அஞ்சாம் நம்பர் மலை” என்று ஒரு சொல் சொன்னால் போதும். மலையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டவேண்டியதில்லை. ஆனால் டயகம கிழக்கிலும் ஓர் ஐந்தாம் நம்பர், டயகம மேற்கிலும் ஓர் ஐந்தாம் நம்பர் இருந்து, கிழக்கில் எழுதிய துண்டை மேற்கில் உள்ளவர் கையிற் கொடுத்தால் என்ன நேரும்? ஆட்கள் வேறு மலைக்குப் போவார்கள். சொல் சரி, எழுத்தும் சரி, இடம் மட்டும் பிழை. “அப்ப ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் போட்டாத்தானே வேலை நடக்கும்” என்றார் அம்மையார். மகன் எம்மை நிமிர்ந்து பார்த்தார்.

அவருடைய சிக்கலும் அதுவேதான். நவீன லினக்ஸ் முறைமை, தாக்குவோர் இடத்தை ஊகிக்காதிருக்கும்பொருட்டு, ஒவ்வொரு முறை செய்நிரல் தொடங்கும்போதும் அதன் நூலகங்களையும் நினைவகத்தையும் வேண்டுமென்றே வெவ்வேறு முகவரிகளிற் சிதறி வைக்கின்றது. முதன்மை தன் பக்கங்களை ஓரிடத்தில் வைத்துவிட்டது. துணை தொடங்கும்போது, அதே இடத்தில் அதன் சொந்த நூலகமொன்று ஏற்கெனவே வந்து குந்திவிட்டதாயின், பொதுப் பக்கத்தை அங்கே பொருத்த இயலாது. இலக்கங்கள் பொருந்தாத நிலையில் ஓடுவதைவிட ஓடாதிருப்பதே மேல் என்று துணை விலகிவிடுகின்றது. எந்த நாளில் மோதும் என்பது சிதறலைப் பொறுத்தது. டீ.பீ.டீ.கே. ஆவணங்கள் இச்சிதறலை நிறுத்திவைக்கும் வழியைக் கூறி, பாதுகாப்பு குன்றும் என்ற எச்சரிக்கையையும் உடன் தருகின்றன. முதன்மைக்குத் தொடக்க முகவரியொன்றைக் குறித்துக் கொடுத்து மோதலைத் தவிர்க்க முயல்வது இன்னொரு வழி. இளைஞர் பின்னதைத் தெரிந்துகொண்டார். அது சரியான தெரிவென்றே நாமும் கருதுகின்றோம்.

தரவின் இடம் பொதுவானாலும் செய்கையின் இடம் பொதுவன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஒவ்வொரு செயன்முறையின் கட்டளைத் தொகுதியும் அதனதன் சொந்த இடத்தில் உள்ளது. ஆகவே ஒரு செயன்முறை, “இந்த முகவரியிலுள்ள கட்டளையைச் செய்” என்று பொது நினைவகத்தில் எழுதிவைத்தால், மற்றையது அம்முகவரிக்குச் சென்று வேறெதனையோ நிறைவேற்றும், அல்லது விழும். தேடல் அட்டவணைகள் சில தமக்குள்ளேயே இத்தகைய கட்டளைச் சுட்டுகளைக் கொண்டிருப்பதால், அவற்றைப் பல செயன்முறைகளிற் பயன்படுத்துவோர் தனி எச்சரிக்கையோடு நடக்கவேண்டியுள்ளது.

வேலையைப் பங்கிடும் முறைகளில் இரண்டு முக்கியமானவை. சட்டகத்தின் மாதிரிச் செய்நிரல்களிலேயே இரண்டும் உண்டு. ஒன்றில் எல்லாச் செயன்முறைகளும் சமமானவை: வலையமைப்பு அட்டையே பொதிகளின் மூல, சேர்விட முகவரிகளைக் கணித்து வெவ்வேறு வரிசைகளிற் பிரித்துவிட, ஒவ்வொருவரும் தத்தம் வரிசையிலிருந்து எடுத்து முழு வேலையையும் செய்கின்றனர். முதன்மைக்குத் தொடங்கும்போது மட்டுமே சிறப்புண்டு. பின் அதுவும் மற்றையோருள் ஒன்று. மற்றதில் முதன்மை ஒன்றே அட்டையிலிருந்து பொதிகளை எடுத்து, ஒவ்வொரு துணைக்கும் உரிய வளையத்தில் முறைவைத்து இடுகின்றது. துணைகள் அவற்றை எடுத்து வெளியே அனுப்புகின்றன.

வளையம் என்பது பூட்டில்லாத வரிசை. இதன் நுட்பம் சற்று விரிவான விளக்கத்தை வேண்டுவது. வரிசையில் இடவேண்டியவர் முதலில் தலைக்குறியை முன்னகர்த்தித் தமக்கு வேண்டிய இடங்களைப் பிடித்துக்கொள்கின்றார். இருவர் ஒரே கணத்தில் முயன்றால் செயலியின் ஒப்பிட்டு மாற்றும் கட்டளை ஒருவரையே வெல்லவிடும். மற்றவர் மீண்டும் முயல்வார். பிடித்த இடங்களிற் பொதிகளின் இலக்கங்களை எழுதிய பின்னரே வாற்குறி நகரும். எடுப்போர் வாற்குறி வரையிலுள்ளதையே எடுப்பர். ஒருவர் இடத்தைப் பிடித்துவிட்டு எழுதிமுடிக்குமுன் பணிசெயல் முறைமையால் நிறுத்தப்பட்டால், அவருக்குப் பின் பிடித்தவர்கள் எழுதி முடித்திருந்தாலும் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதே. தராசுக்கு முன் கூடையை வைத்து இடம் பிடித்துவிட்டு ஒருவர் அப்பாற் போய்விட, பின்னால் நிற்போர் அனைவரும் மழையில் நனைவதைப் போன்றது. பூட்டில்லை என்பதால் காத்திருப்பும் இல்லை என்று எண்ணுதல் தவறு.

இதனாலேயே ஒவ்வொரு செயன்முறைக்கும் தனித்தனிக் கோர்கள் ஒதுக்கப்படல் வேண்டும் என்ற விதி வலியுறுத்தப்படுகின்றது. வேறொரு காரணமும் உண்டு. பொதுத் திரளிலிருந்து ஒவ்வொரு முறையும் எடுப்பது தாமதமாகையால், ஒவ்வொரு கோரின் இலக்கத்துக்கும் ஒரு சிறு கையிருப்பு அருகில் வைக்கப்படுகின்றது. அக்கையிருப்புக்குக் காவல் எதுவுமில்லை. ஒருவரே தொடுவார் என்ற நம்பிக்கையே காவல். இரு செயன்முறைகள் ஒரே கோர் இலக்கத்தோடு தொடங்கிவிட்டால் இருவர் கையும் ஒரே கையிருப்பில் விழும்; கணக்குக் கெடும்; கெட்டது உடனே தெரியவும் மாட்டாது.

இனி இறப்பு. துணைச் செயன்முறை ஒன்று இடையில் வீழ்ந்தால், அதன் சொந்த நினைவகத்தைப் பணிசெயல் முறைமை மீட்டுக்கொள்ளும். ஆனால் பொதுத் திரளிலிருந்து அது எடுத்துக் கையில் வைத்திருந்த பொதிகள் எவராலும் திருப்பிக் கொடுக்கப்படுவதில்லை. அது பிடித்திருந்த பூட்டு பிடித்தபடியே கிடக்கும். முதன்மை வீழ்ந்தாலோ பெரும் பக்கங்கள் அழிவதில்லை. துணைகள் இருந்ததைக் கொண்டு சிலகாலம் ஓடலாம். ஆயின் 2018 முதல் புதிய நினைவகம் பெறும் கோரிக்கை முதன்மையின் வழியே செல்லுமாறு அமைந்துள்ளதால், கேட்பதற்கு ஆளில்லாமற் போகும். இணைப்பு அறுந்தது போன்ற குறுக்கீட்டு அறிவிப்புகளும் முதன்மைக்கே வருவன. அவற்றைப் பெறுவாரும் இல்லை.

எமது பிரதான கருத்து இங்குதான் உள்ளது. செயன்முறைகளாகப் பிரித்துவிட்டால் ஒன்றின் பிழை மற்றொன்றைத் தாக்காது என்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை சாதாரணச் செயன்முறைகளுக்கே பொருந்தும். இங்கோ பொது நினைவகத்தில் எழுதும் உரிமை துணைக்கும் முழுமையாக உண்டு. கணக்குப் பார்க்க மட்டுமே வந்த ஒரு சிறு கருவி தவறுதலாக ஓரிடத்தில் எழுதினால், பொதி கையாளும் முழுக் கூட்டமும் வீழலாம். சுவர் சட்டத்தில் இருக்கின்றது, உடைமையில் இல்லை. உடைமை ஒன்றாயிருப்போரின் கதியும் ஒன்றே. இவ்வமைப்பை வடிவமைத்தோர் வேகத்தின்பொருட்டு இதனை அறிந்தே தெரிந்தனர். அதனைக் குறையென நாம் சொல்லவில்லை. அதனை மறைத்து, பிரிவே பாதுகாப்பு என்று விற்பதைத்தான் குறை என்கின்றோம்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இச்சட்டகத்தில் ஒரு செயன்முறைக்குள் பிரதான கோர் ‘எசமான்’ என்றும் ஏனையவை ‘அடிமை’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் நெடுங்காலம் வழங்கின. 2020 நவம்பர்ப் பதிப்பில் அவை நீக்கப்பட்டு, ‘பிரதானம்’, ‘தொழிலாளி’ என்னும் பொருளுடையவை இடம்பெற்றன. சொல் மாறியது, கோரின் வேலை மாறவில்லை. எனினும் மாற்றம் வரவேற்கத்தக்கதே. முதன்மைச் செயன்முறையைக் ‘கங்காணி’ என்று மொழிபெயர்க்கலாமே என நண்பரொருவர் வேடிக்கையாகக் கூறினார். பொருந்தாது. கங்காணி ஆளொன்றுக்கு இவ்வளவு எனத் தலைக்காசு பெற்றவன். முதன்மை எவரிடமும் எதையும் பெறுவதில்லை. இங்கே ஒப்புமையின் எல்லையையும் சொல்லிவிடல் நேர்மை: செயன்முறைகளிடையே சுரண்டல் இல்லை, ஏனெனில் அங்கே உழைப்பவர் இல்லை. உழைப்பவர் செய்நிரலை எழுதியவர்கள். கடுமையான போட்டியாளராகிய இன்டெல், ஆர்ம், என்விடியா, மார்வெல் ஆகிய நிறுவனங்களின் பொறியியலாளர்கள் ஒரே மூலநிரலைப் பொதுவில் வைத்துத் திருத்துகின்றனர். எவரும் எடுத்து விற்கலாம் என இடங்கொடுக்கும் பீ.எஸ்.டீ. உரிமம் அதற்குண்டு. முதலாளித்துவம் தன் வசதிக்காகத் தானே அமைத்துக்கொள்ளும் பொதுநிலம் இது. அதனைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

டயகமவை விட்டு நாம் புறப்படும் நாளில் அவ்விளைஞர் இறந்த துணையின் கையிலிருந்த பொதிகளை மீட்கும் வழியொன்றில் ஈடுபட்டிருந்தார். முதன்மை எந்தத் துணைக்கு எந்தப் பொதியைக் கொடுத்தது என்பதைப் பெயர்வாரியாகப் பதிந்துவைத்தால், துணை வீழ்ந்ததும் அதன் பெயரிலுள்ளவற்றைத் திரளுக்குத் திருப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். தாயார் அதற்குச் செக்ரோல் என்றே பெயரிட்டுவிட்டார். ஆனால் ஒவ்வொரு பதிவும் அந்த 200 துடிப்புகளிலிருந்தே கழிய வேண்டும். பொதிகளை ஒவ்வொன்றாகப் பதியாமல் 32 பொதிகள் கொண்ட கட்டுகளாகப் பதிந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று, தலவாக்கலை பஸ் வரும்வரை, அவர் எமக்குக் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.